அம்பியர் அண்ணையும் ஆறு நாள் விரதமும்

ரொறன்ரோவில் கூட்டல் கணக்கை நம்பி வாழ்ந்த தமிழர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கழித்தல் கணக்கை நம்பி வாழ்ந்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர்தான் அம்பியர் அண்ணை. எதையாவது எதிலிருந்தாவது கழிக்காமல் அந்த மனிதர் ஒரு கோப்பை தேநீர்கூடக் குடித்ததில்லை. நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அந்தப் பெயருக்குக் கடிதம் வந்தால், யாரோ முன்பு குடியிருந்த ஆளுக்கு வந்தது என்று நினைத்து எங்களோடு குடியிருந்த ராசன் அதைத் திருப்பி அனுப்பப் பார்ப்பான். எங்களுக்கு அவர் அம்பியர் அண்ணை. அம்பியர் கணக்கில் மின்சாரத்தை அளக்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அஜின்கோர்ட்டில் ஓர் உயரமான அப்பார்ட்மெண்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான் நகரத்தின் நடுவே ஒரு கார் தரிப்பிடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ரிக்கெற் கொடுக்கிறவன். ராசன் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி ஏற்றுகிறவன்; எங்கள் மூவரில் கார் வைத்திருந்தவனும் அவன்தான், சமையல்காரனும் அவன்தான். அம்பியர் அண்ணை பல்கலைக்கழக மாணவர். முன்தலை முழுக்க வழுக்கை விழுந்து, நாற்பதை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்த மாணவர். பஸ்ஸில் அவர் மாணவர் அட்டையை நீட்டினால் டிரைவர் அட்டையையும் தலையையும் மாறிமாறிப் பார்ப்பான்.

ராசன் குழம்பு வைத்தால் அண்ணை முதலில் ஒரு மிடறு பச்சைத் தண்ணீர் குடிப்பார். "இது பூச்சியம்" என்பார். பிறகு ஒரு கரண்டி குழம்பை வாயில் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். ராசன் அகப்பையோடு காத்துக்கொண்டு நிற்பான்.

"தண்ணியைக் கழிச்சால் மிச்சம் ஒண்டும் இல்லை ராசன்."

டொக்டரிடம் போனால் இன்னும் மோசம். பனிக்காலத்தில் நிறை பார்க்கச் சொன்னால், ஜாக்கெற்றோடு ஒருமுறை ஏறுவார். பிறகு இறங்கி, ஜாக்கெற்றைக் கழற்றி அதை மட்டும் தராசில் வைப்பார். அடுத்து சப்பாத்து. அடுத்து கழுத்துச் சால்வை. நேர்ஸ் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, காகிதத்தில் கழித்து எழுதி, "இதுதான் நான்" என்று அவளிடம் கொடுப்பார். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே தடவையில் ஏறலாமே என்று நான் கேட்டேன். குளிருமாம்.

இதெல்லாம் பரவாயில்லை. ராசனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, வயதில் மூத்தவர் ஒருவர் வேண்டும் என்று இவரைக் கூட்டிக்கொண்டு போனோம். தேநீர் வருவதற்கு முன்பே பெண்ணின் தகப்பனிடம் ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, பிள்ளையைக் கொஞ்ச நேரம் வெளியிலை அனுப்பிவிடுங்கோ. முதலிலை பிள்ளை இல்லாமல் வீடு எப்பிடி இருக்கெண்டு பாப்பம். பிறகு பிள்ளையைக் கூப்பிடுங்கோ. அப்பதான் இந்த வீட்டுக் கலகலப்பிலை பிள்ளையின்ரை பங்கு எவ்வளவு எண்டு சரியாத் தெரியும்."

தேநீர் கடைசிவரை வரவில்லை. காரில் திரும்பும்போது ராசன் ஸ்டியரிங்கை நெரித்துக்கொண்டு வந்தான்.

"இனிமேல் என்ரை விசயத்துக்கு நீங்கள் வரக்கூடாது அண்ணை."

"கோவிக்காதை. அந்த வீட்டிலை ரீவிச் சத்தம் கூட. பிள்ளையின்ரை குரலை எப்பிடிப் பிரிச்சுப் பாக்கிறது?"

இந்தக் கழித்தல் நோய் அவருக்கு எங்கே தொற்றியது என்பதைச் சொல்லாவிட்டால் நீங்கள் அவரைப் பைத்தியம் என்று முடிவுகட்டிவிடுவீர்கள். பல்கலைக்கழகத்தின் நிலக்கீழ் அறை ஒன்றில் அவரிடம் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை இருந்தது. அதற்குள் இரண்டு உலோகத் தட்டுகள். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் ஆர்கன் வாயுவை விட்டு, தட்டுகளுக்கு மின்சாரம் கொடுத்தால் குடுவைக்குள் ஊதா நிறத்தில் ஓர் ஒளி எழும். அதற்குப் பெயர் பிளாஸ்மா. முதல்தடவை பார்த்தபோது நான் என்னை அறியாமல் கைகூப்பிவிட்டேன். அந்த ஒளிக்குள் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அளப்பதுதான் அண்ணையின் ஆராய்ச்சி.

கேட்க லேசாக இருக்கிறது அல்லவா? எங்கள் வீட்டுச் சுவரில் வருகிற மின்சாரம் சாதுவானது. கம்பி போகிற வழியே போகும். அண்ணை பயன்படுத்தியது வானொலி அலையின் மின்சாரம். ஒரு நொடியில் ஒரு கோடி தடவைக்கு மேல் திசை மாறுகிற சாமான். அதற்குக் கம்பி ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தில் எந்த உலோகத்தைக் கண்டாலும் கொஞ்சம் அங்கே தாவிவிடும். அண்ணை தன் கையாலேயே சுற்றிய வளையல் போன்ற ஒரு சுருள் இருந்தது. குடுவைக்குப் போகிற கம்பி அந்த வளையலுக்குள்ளால் போகும். கரண்டின் அளவு திரையில் ஒரு பச்சை அலையாக நெளியும். ஆனால் அந்த அலையில் பிளாஸ்மாவுக்குள் போனதும் இருக்கும், அக்கம்பக்கத்துக்குத் தாவிப் போனதும் இருக்கும்.

அதனால் காலையில் முதல் வேலையாகக் குடுவையில் ஒன்றுமில்லாமல் உறிஞ்சி, ஒளி எழாதபடி வைத்து, மின்சாரத்தை மட்டும் கொடுத்து அளப்பார். அது தாவிப் போகிற கரண்ட். பிறகு வாயுவை விட்டு, ஒளியை எழுப்பி அளப்பார். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் பிளாஸ்மாவின் கரண்ட் வந்துவிடும்.

"களவு போறதை முதலிலை பிடிக்கவேணும் தம்பி. அப்பதான் மிச்சம் எங்கடை" என்பார்.

அவருக்குக் கொழும்பில் ஒரு மனைவி இருந்தார். பெயர் பத்மினி. கலியாணம் கட்டிச் சில மாதங்கள்தான் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். பிறகு அண்ணை இங்கே படிக்க வந்தார், பத்மினியக்கா ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார். அண்ணையின் கணக்கு நேரானது. ஆய்வு முடிந்தால் பட்டம். பட்டம் கையில் இருந்தால் வேலை தருவதாக ஒரு கம்பனி சொல்லியிருந்தது. வேலை கிடைத்தால் மனைவியைக் கூப்பிடலாம். புறொபெசர் வேறு அடுத்த கோடையோடு ஓய்வு பெறப்போகிறார். அவரோடு அந்த அறையும் மூடப்படும். நல்ல வேளையாக அளவுகள் எல்லாம் புறொபெசர் முன்னொரு காலத்தில் கண்டுபிடித்த சூத்திரத்தோடு அச்சொட்டாகப் பொருந்தின. கிழவர் சந்தோசத்தில் அண்ணையைத் தட்டிக்கொடுத்தே தோளை இறக்கிவிட்டார்.

அளவுகள் பொருந்தாத நாட்களும் இருந்தன. கந்தசஷ்டி நாட்கள்.

அண்ணை ஆறு நாளும் பகலில் பச்சைத் தண்ணீர், இரவில் பாலும் பழமும் என்று விரதம் பிடிப்பார். முதல் வருடம் அந்த ஆறு நாட்களும் கரண்ட் குறைந்துபோயிற்று. வாயுக் குழாயில் ஒழுக்கு என்று முடிவுகட்டிக் குழாயை மாற்றினார். விரதம் முடிந்தது, அளவும் பழையபடி சரிவந்தது. குழாய் மாற்றிய குணம் என்று நம்பினார். அடுத்த வருடம் கந்தசஷ்டி பிறந்தது. கரண்ட் மறுபடியும் விழுந்தது.

"முருகனுக்கும் உங்கடை மெசினுக்கும் ஏதோ கோவம் அண்ணை" என்றான் ராசன்.

"மெசினுக்கு விரதம் தெரியுமோடா?"

"கனடா மெசினுக்கு எல்லாம் தெரியும்."

அண்ணை சிரிக்கவில்லை. பட்டினியாக இருக்கிற தன்னுடைய உடம்பில்தான் ஏதோ பிழை என்று சந்தேகப்பட்டார். மெசினுக்குப் பக்கத்தில் ஆள் நின்றால் ஆளுக்குள்ளும் கரண்ட் கொஞ்சம் தாவுமாம். என் கார் தரிப்பிடம் பல்கலைக்கழகத்துக்குப் பக்கம். இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொண்டு போனார்.

"நீ சாப்பிட்டனியோ?"

"ஓம் அண்ணை. ரெண்டு டோனற்."

"அப்ப வந்து என்ரை இடத்திலை நில்."

நின்றேன். அலை அசையவில்லை. பிளாஸ்மா விஞ்ஞானத்துக்கு டோனற்றின் பங்களிப்பு அவ்வளவோடு முடிந்தது.

சூரன்போர் முடிந்து மறுநாள் பாரணை. விரதக்காரர் அன்று வயிறாரச் சாப்பிடவேண்டும் என்று ராசன் விடியவே எழும்பி, பல கறிகளோடு அண்ணையின் வட்டமான எவர்சில்வர் பெட்டியில் சோறு கட்டினான். அண்ணை அளவு பிழைத்த கவலையில் அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். வேலைக்குப் போகிற வழியில் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடுவைக்குள் ஊதா ஒளி எரிந்துகொண்டிருந்தது. அண்ணை திரையைவிட்டுக் கண் எடுக்காமல் கையைக் காட்டினார்.

"மேலை தட்டிலை வை தம்பி."

குடுவைக்குச் சற்று மேலே ஓர் இரும்புத் தட்டு இருந்தது. மின்சாரம் கொடுக்கிற இயந்திரத்தின் சூட்டுக் காற்று அதில் படும். காலை அளவை முடிந்தவுடன் அண்ணை பையிலிருந்து பெட்டியை எடுத்து அங்கே வைப்பார்; மத்தியானம் சோறு ஆவி பறக்கும். மேல்மாடியில் மைக்ரோவேவ் இருந்ததுதான். ஆனால் அதற்குள் எவர்சில்வர் வைக்கக்கூடாது, கருவாட்டுக் குழம்பை வைக்க அங்கிருக்கிறவர்கள் விடமாட்டார்கள்.

நான் பெட்டியை வைத்தேன். திரையில் பச்சை அலை உப்பி எழும்பியது.

"டேய், என்ன செய்தனி?"

"சாப்பாட்டை வச்சனான் அண்ணை."

"எடு."

எடுத்தேன். அலை இறங்கியது.

"வை."

ஏறியது.

"எடு. வை. எடு. திரும்ப வை."

"சோறு ஆறுது அண்ணை."

அவர் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். வழுக்கைத் தலையில் வேர்த்திருந்தது.

"காலமை அளக்கேக்கை பெட்டி பைக்குள்ளை. பிறகு அளக்கேக்கை பெட்டி தட்டிலை. சோத்துப் பெட்டிக்குத் தாவின கரண்டையும் பிளாஸ்மாவின்ரை கணக்கிலை எழுதிக்கொண்டு வந்திருக்கிறன் தம்பி. இவ்வளவு காலமும். சாப்பாடு கட்டாத ஆறு நாளும்தான் நான் சரியா அளந்திருக்கிறன்."

உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் கழித்த மனிதர் தன் சோற்றுப் பெட்டியைக் கழிக்காமல் விட்டுவிட்டார். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு அவருடைய முகத்தைப் பார்க்கச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை ராசன் விசயத்தைக் கேட்டுவிட்டுத் தெளிவாக ஒரு புத்தி சொன்னான்.

"ஆருக்குத் தெரியும் அண்ணை? புறொபெசருக்குச் சந்தோசம், கணக்கும் பொருந்துது. பேசாமல் எழுதிக் குடுத்திட்டு அக்காவைக் கூப்பிடுங்கோ. திரும்பவும் முதலிலை இருந்து தொடங்கினால் அறையையே மூடிப்போடுவாங்கள்."

"பொருந்துது எண்டதுதானடா எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார் அண்ணை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தார். கத்திப் பேசினால்தான் கேட்கும் என்றிருந்த காலம். ஹோலில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு இவருடைய குரலும் கேட்டது, ரிசீவருக்கு வெளியே வழிந்த அக்காவின் குரலும் கேட்டது.

"பத்மினி, இன்னும் ஒரு வருசம் ஆகும் போலை கிடக்கு. அதுக்கு மேலையும் ஆகலாம்."

"ஏனப்பா?"

"சோத்துப் பெட்டியைக் கழிக்க மறந்திட்டன்."

வேறு எந்த மனைவியாக இருந்தாலும் அந்த இடத்தில் ரெலிபோனை வைத்திருப்பார்.

"இனிமேல் சோத்தை எங்கை சுடவைப்பியள்?" என்றார் அக்கா. "ஆறினதைச் சாப்பிடாதேங்கோ. உங்களுக்கு உடனை வயித்துக்குத்து வந்திடும்."

அண்ணை ரிசீவரை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். ராசன் எழுந்துபோய்க் குசினியில் தேவையில்லாமல் வெங்காயம் உரிக்கத் தொடங்கினான்.

புறொபெசரைப் பார்க்கப் போகும்போது அண்ணை பெட்டியையும் கொண்டுபோனார், சாட்சிக்கு என்னையும் கொண்டுபோனார். நடந்ததைச் சொன்னார். கிழவர் ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி, "ஆய்வுகூடத்துக்குள் சாப்பாடா?" என்பதுதான். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு அவரை அறைக்குள் கூட்டிப் போய், பெட்டியை வைத்தும் எடுத்தும் காட்டினார். பச்சை அலை ஏறி இறங்கியது. கிழவரின் முகம் கூடவே இறங்கியது.

"அப்படியானால் இத்தனை நாளும் என்னுடைய சூத்திரம் உன் மதியச் சாப்பாட்டோடுதான் பொருந்தியிருக்கிறது" என்றார்.

அண்ணை மன்னிப்புக் கேட்டார். கிழவர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் இரும்புத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் மஞ்சளாக ஒரு வட்டம் இருந்தது. விரலால் தேய்த்து மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது என்ன?"

நான்தான் சொன்னேன், "குழம்பு."

ராசனின் குழம்பு. எந்த மூடிக்கும் அடங்காமல், பெட்டியின் பக்கத்தால் வழிந்து அடியில் தேங்குகிற குழம்பு. சூட்டுக் காற்று சரியாகப் படுகிற இடம் அந்தத் தட்டில் ஒன்றுதான். அண்ணை இரண்டு வருடமும் அதே இடத்தில் வைத்து எடுத்ததில், கறை ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து ஒரே வட்டமாக நின்றது.

கிழவர் குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தார். "பெட்டி ஒருநாளும் இடம் மாறவில்லை" என்றார். பிறகு கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, தன் கையாலேயே பெட்டியைத் தூக்கி வட்டத்துக்குள் பொருத்தினார். "குடுவையை வெறுமையாக்கு. பெட்டியோடு அள."

எனக்கு அப்போது புரியவில்லை, அண்ணைக்குப் புரிந்துவிட்டது. பெட்டி இருந்த இடம் தெரிந்தால் பெட்டிக்குத் தாவின கரண்டை இப்போது அளக்கலாம். அதை அளந்தால் பழைய அளவுகள் எல்லாவற்றிலும் இருந்து கழித்துவிடலாம். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

ஆனால் அம்பியர் அண்ணை அவ்வளவோடு விடுகிற ஆளா? பெட்டிக்குள் இருந்த சாப்பாடு நாளுக்கு நாள் வேறு. ஆகவே அந்தப் பனிக்காலம் முழுக்க ராசன் வகைவகையாகச் சமைக்க, அண்ணை வகைவகையாக அளந்தார். சோறு, புட்டு, இடியப்பம், வெறும் பெட்டி. எல்லாம் ஒரே அளவு. உலோகப் பெட்டிக்கு உள்ளே என்ன இருந்தாலும் வெளியே ஒன்றுதான் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறதாம்.

"அப்ப ஏன் அண்ணை எங்களைப் போட்டுக் கொல்லுறியள்?" என்றேன்.

"புத்தகத்திலை புட்டு எண்டு போடேல்லையே."

சரியாகக் கழித்துப் பார்த்தபோது அளவுகள் புறொபெசரின் சூத்திரத்தோடு பொருந்தவில்லை. ஓய்வு பெறப்போகிற நேரத்தில் கிழவர் தன் சூத்திரத்தைத் தானே உடைத்துத் திருத்தி எழுதவேண்டியதாயிற்று. அவர் முகம் சுளிக்காமல் செய்தார் என்று அண்ணை சொன்னார்; எனக்கென்னவோ கொஞ்சம் சுளித்திருப்பார் என்றுதான் தோன்றியது. ராசனோ தலைகால் தெரியாமல் திரிந்தான். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் குழம்பு ஓர் ஆளைக் காப்பாற்றியது என்பதால், விஞ்ஞானத்தின் பெயரால் இன்னும் தண்ணீராக வைக்கத் தொடங்கினான்.

கோடைக்கு முன்னரே வாய்மொழிப் பரீட்சை நடந்தது. அண்ணையின் கழுத்தில் என்னுடைய டை, உடம்பில் ராசனின் கோட். நாங்கள் இருவரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நடைபாதையில் காத்திருந்தோம். உள்ளே ஒருமுறை எல்லோரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. குழம்பு வட்டத்துக்கு வந்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டோம். கதவு திறந்து அண்ணை வெளியே வந்தார்.

"என்ன அண்ணை?"

"முடிஞ்சுதடா" என்றார். ராசனின் தோளில் முகத்தை வைத்து, அவனுடைய கோட்டிலேயே கண்ணைத் துடைத்தார்.

வேலை கிடைத்தது. ரெக்ஸ்டேலில் ஒரு சிறிய அப்பார்ட்மெண்ட் எடுத்தார். பத்மினியக்காவின் கடதாசிகள் எல்லாம் சரிவந்து, அவர் வந்து இறங்கிய நாளில் அண்ணையின் சாமான்களை ராசனின் காரில் ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனோம். அவர்களைக் கூட்டிக்கொண்டு நேரே புதுவீட்டில் விடுவதென்று ஏற்பாடு.

அக்கா தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். அண்ணை தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டார். எங்கள் பக்கம் கையைக் காட்டி, "இவைதான்" என்றார். அக்கா எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் அவருடைய பயணப் பெட்டியைத் தூக்கினேன்.

காரின் பின் சீட்டில் அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். விமான நிலையத்திலிருந்து ரெக்ஸ்டேல் கூப்பிடு தூரம். ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். ரெக்ஸ்டேலுக்கு இறங்கும் பாதை வந்தது. ராசன் அதைக் காணாதவன் போலத் தாண்டிப் போனான். நான் அவனைப் பார்த்தேன்; அவன் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த மனிதர் இன்னும் கொஞ்ச நேரம் எங்களோடு இருக்கட்டும் என்று எனக்கும் இருந்தது.